ஏழு மஞ்சள், நான்கு சிவப்பு

சுகாபூமி,
மேற்கு ஜாவா, 14 ஜனவரி 2022

பாஸ்தியான்,

அரு-7 அட்டையில் நீ பொய் எழுதியிருக்கிறாய்.

எழுதினாயா என்று நான் கேட்கவில்லை. எழுதியிருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை காலை அரு-22 இட்ட ஈடு பொரித்தது. பதினொரு முட்டையில் ஒன்றுகூட வீணாகவில்லை. ஏழு குட்டிகள் மஞ்சள். நான்கு சிவப்பு. சுட்ட செங்கல் போல அப்பட்டமான சிவப்பு. அரு தீவின் பச்சை மலைப்பாம்பு பொரிக்கும்போது மஞ்சளாக மட்டுமே வரும், சிவப்பு வந்தால் எங்கோ பியாக் தீவு ரத்தம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீ.

தாய் வழியை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். அதில் குறை இல்லை. அரு-22-க்கு அப்பன் அரு-7. இப்போது பொரித்த பதினொன்றுக்கும் அப்பன் அதே அரு-7. இரண்டு தலைமுறையிலும் இருக்கும் ஒரே ஆண் அவன்தான். 2015-இல் ஏழாம் பெட்டியைப் பார்த்துக்கொண்டவன் நீ. அட்டையில் இருப்பது உன் கையெழுத்து.

மாங் டாட்டாங் எலிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏம்மா நெங், யாரு இந்த நாலையும் மிளகாய்ச் சம்பல்ல முக்கி எடுத்தது?” எனக்குப் பின்னால் முதலாளி பாக் விராத்மோ நின்றதை அவர் கவனிக்கவில்லை. பாக் சத்தம் போடவில்லை. மூடியைத் தன் கையால் மூடினார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். “யாராச்சும் போட்டோ எடுத்தீங்களா?” என்றார். அதுதான் அவருடைய முதல் கேள்வி. பிறகு எல்லோருடைய போனையும் வாங்கிப் பார்த்தார். இன்றும் பார்த்தார். அதனால்தான் இது தபாலில் வருகிறது. உன் கரையில் சிக்னலும் இல்லை என்கிறார்கள்.

அன்று மாலை பாக் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பதில் சொன்னேன்.

இந்தப் பண்ணையில் என்னுடையது என்று சொல்ல ஒரு நாற்காலி கிடையாது. அம்மாவும் நானும் இருக்கும் வீடும் பண்ணையின் வீடு. அந்த வம்சப் புத்தகம் மட்டும் என்னுடையது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் அம்மா, அப்பன், பொரித்த தேதி, பொரித்த அன்று எடுத்த போட்டோ. பிராங்க்பர்ட்டிலிருந்து பாம்பு வாங்குகிறவன் பாக்கின் பெயரைக் கேட்பதில்லை, “லாரஸ் எழுதியதா?” என்றுதான் கேட்கிறான். இப்போது அரு-7-இன் வழியில் அறுபத்து மூன்று பாம்புகள் இருக்கின்றன. அறுபத்து மூன்று பொய். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டி பெட்டியாகத் திறந்து தலையைப் பார்க்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன்.

எந்த நாளில், எந்தப் பாம்பை, எதற்காக வைத்தாய் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

லாரஸ்


அரு, கிழக்குக் கரை,
7 பிப்ரவரி 2022

நோனா லாரஸ்,

முன்பெல்லாம் மரியாதையோடு ‘பாங் பாஸ்தியான்’ என்று தொடங்குவாய். இந்தத் தடவை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த ஓலை போல இருந்தது. மீன் கூடையோடு படகில் வந்தது. பிரிக்கும்போதே நாற்றம். உள்ளே இருந்ததும் அப்படித்தான்.

ஆமாம், நான் எழுதினேன். நாள் 30 மே 2015. வைத்தது பியாக் குட்டி, மஞ்சளாகப் பொரித்தது. அந்த வாரம் வியாபாரி ஒருவன் கொண்டுவந்த பெட்டியில் ஒன்பது குட்டிகள் இருந்தன, எட்டு சிவப்பு, இது ஒன்றுதான் மஞ்சள். காகிதம் கிடையாது, எண் கிடையாது. எடுத்து ஏழாம் பெட்டியில் விட்டேன். வளர்ந்து அரு பாம்பைப் போலவே அதுவும் பச்சையாக மாறியதும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை.

எதற்காக என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். உண்மையான அரு-7 அதற்கு முந்தின நாள் செத்துப்போனது. கொன்றது நீ.

நீ வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம். யாரோ ஒருவன் ஜோடி கேட்டான் என்று பாக் குதித்துக்கொண்டிருந்தார். “ஆணா பொண்ணான்னு தெரியாம எப்படிம்மா ஜோடி போட்டு விக்கிறது? படிச்ச புள்ளதானே நீ?” நான் மூங்கில் வாங்கப் போயிருந்தேன். நீ மெல்லிய கம்பியை எடுத்து வாலடித் துளையில் விட்டு, அந்த ஏழு மாதக் குட்டி ஆணா பெண்ணா என்று பார்த்தாய். பச்சை மலைப்பாம்புக்கு ஒரு வருடம் ஆகும்வரை வாலைத் தொடவே கூடாது, மெழுகுத்திரி மாதிரி அந்த வால். நீ அட்டையில் ‘ஆண்’ என்று எழுதினாய், அது தொங்கும் மரக்கம்பில் திரும்ப விட்டாய், மறுநாள் உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஊருக்குப் போய்விட்டாய். வால் வீங்கியது, வளைந்தது. மலம் கழிக்க முடியவில்லை. ஒன்பது நாள் கம்பில் தொங்கிக்கொண்டே செத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது?

அரு பாம்பைச் சாகவிட்டவன் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. இது பாக்கின் சட்டம். உனக்கு முன்னால் இரண்டு பேரை அப்படி அனுப்பினார். நீ அப்பாவைப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்த அன்று உன் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. காதல் என்று நினைத்துக்கொள்ளாதே, அப்போது உன் முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்குச் சிரிக்க வேண்டியிருந்தது. பாக்கின் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வம்ச மரம் தொங்குகிறதே, ஜாவா ராஜாக்களின் சோலோ அரண்மனையில் தொடங்கி அவர் மூக்கு வரைக்கும். வெள்ளைக்காரர்கள் வந்தால் அதைக் காட்டுவார். பிறகு பாம்பைக் காட்டுவார். பிறகு என் தோளில் கை போட்டு, “இவனும் அருதான். ஒரிஜினல். கலப்படமே கிடையாது” என்பார். அவர்கள் என்னையும் பாம்பையும் சேர்த்துப் போட்டோ எடுப்பார்கள். என் அம்மாவின் அப்பன் புகிஸ் படகோட்டி. என் அப்பன் வழியில் ஒரு சீன முத்து வியாபாரி இருக்கிறான், ஒரு கேய் தீவுக்காரி இருக்கிறாள். எங்கள் துறைமுகம் டோபோவில் யாரையும் சுரண்டிப் பார், நாலு கப்பல் இறங்கும். இந்த ஊர் ஆட்களே இப்படி. இந்த ஊர்ப் பாம்பு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டுமாம். அந்தச் சுத்தத்துக்காக மகளை அப்பனோடு ஒரே பெட்டியில் விடுகிறீர்கள், அதைப் புத்தகத்தில் மணிமணியாக எழுதியும் வைக்கிறாய்.

ரத்தக் கணக்கு உன் வீட்டுக்கும் தெரியும். நான் பெண் கேட்டு வந்தபோது முதலில் பார்த்தது என் சுருட்டை முடியைத்தான். “தம்பி நல்லவன்தான். ஆனா பொறக்கப்போற புள்ளைங்களுக்கு முடி எப்படி இருக்கும்?” என்று உன் அம்மா கேட்டாள். நீ அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாய். ஒரே டம்ளரை ரொம்ப நேரம் கழுவினாய். மறு வாரம் நான் கப்பலேறினேன்.

நம்பாவிட்டால் போய்ப் பார். முட்டையிலேயே செத்த குட்டிகளை ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கும் அலமாரியில், மூன்றாம் தட்டு, பின்வரிசை. லேபிளில் ‘2015, பொரிக்கவில்லை’ என்று இருக்கும். என் கையெழுத்துதான், அதிலும் பொய்தான். உள்ளே இருப்பது பொரித்து ஏழு மாதம் உயிரோடு இருந்தது. தலைக் கோடுகளை உன் புத்தகத்தில் இருக்கும் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்.

கையெழுத்துக் கேட்டாய். இதோ.

பாஸ்தியான் கைலாகோய்


சுகாபூமி,
4 மார்ச் 2022

பாங் பாஸ்தியான்,

பார்த்தேன்.

எல்லோரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பாட்டிலை எடுத்தேன். ஸ்பிரிட்டில் மஞ்சள் முழுக்கக் கரைந்துபோய்க் குட்டி வெளுத்திருக்கிறது. கோடுகள் அப்படியே இருக்கின்றன. இடது கண்ணுக்குப் பின்னால் மூன்று புள்ளிகள், மூன்றாவது உடைந்தது போல இருக்கும். புத்தகத்தில் 2014 அக்டோபர் போட்டோவிலும் மூன்று, மூன்றாவது உடைந்திருக்கிறது. வால் நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளி மடங்கியிருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே என் விரலை வைத்துப் பார்த்தேன். கம்பியை எந்த இடம்வரை விட்டேன் என்று விரலுக்கு ஞாபகம் இருக்கிறது.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. கோபம்தான் வருகிறது. என்னைக் கேட்டாயா? என் தப்பை எடுத்து நீ மறைத்து வைத்தாய், ஏழு வருடம் அந்தத் தப்பின் மேல் நான் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் கேட்டுக்கு வெளியே போயிருப்பேன், அவ்வளவுதான். இருபத்தொரு வயது, எங்காவது துணிக்கடையில் நின்றிருப்பேன். நீ எனக்கு நல்லது செய்ததாக நினைக்கிறாய். பாக்கைப் பார்த்துச் சிரிக்க என் புத்தகத்தை எடுத்துக்கொண்டாய்.

அம்மா விஷயத்தை நீ இழுத்திருக்க வேண்டாம்.

பாட்டிலை மறுபடி தட்டில் வைக்கவில்லை. பாக் பார்த்தால் தூக்கி எறிந்துவிடுவார். என் தலைத்துணியில் சுற்றி என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது.

சிவப்புக் குட்டிகள் நான்கும் இப்போது இல்லை. பாக் சொன்னார், மாங் டாட்டாங் ஃப்ரீசரில் வைத்தார். “எலி வைக்கிற எடத்துல இதுங்களையா?” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.  ஏழு மஞ்சள் குட்டிகளுக்கு ‘தூய அரு’ என்று சான்று எழுதச் சொல்லி மேசையில் வைத்திருக்கிறார்கள். இன்னும் எழுதவில்லை.

இன்னொன்று. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அன்று மாலை பாக், “2015-ல அந்த ஆணைப் பாத்துக்கிட்டது யாரு?” என்று கேட்டார். பாஸ்தியான் என்றேன். அது உண்மைதானே? உன் பெயரை மட்டும்தான் சொன்னேன். அவர் உடனே, “அப்போ ஒரிஜினலைத் தூக்கி வித்துட்டு, குப்பையை வெச்சிட்டுப் போயிருக்கான்” என்றார். அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உன் கடிதம் வர இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. பாக் எங்கோ ஒரு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர்களுக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான் என்கிறார். எதுவும் ஆகாது. அவ்வளவு தூரம் யார் வரப்போகிறார்கள்?

லாரஸ்


டோபோ,
27 மார்ச் 2022

லாரஸ்,

வந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் படகு வந்தது. நண்டு வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எங்கள் ஊர்ப் பெண்கள் கூடையோடு ஓடினார்கள். என் பெயரைப் படித்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். யாகோமினாவுக்கு ஆறாவது மாதம். அவள் தண்ணீரில் இடுப்பளவு வரை படகின் பின்னால் வந்தாள். யாகோமினா என் மனைவி. முன்பு எழுதவில்லை. எழுத இடம் வரவில்லை.

ஸ்டேஷனில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உனக்குத் தேதியும் விவரமும் பிடிக்குமே.

“பாம்பு எங்கடா?”

“செத்துப்போச்சு, ஐயா.”

“எப்ப?”

“ஏழு வருஷம் முன்னாடி.”

“ஓ. ஏழு வருஷம் முன்னாடி செத்த பாம்புக்கு இப்பத்தான் அழுவுறாங்களா? எத்தனைக்கு வித்த?”

“விக்கல. பாட்டில்ல இருக்கு. சுகாபூமியில, பண்ணையில.”

“கேட்டியா?” என்று பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பினான். “அருக்காரன் அரு பாம்பை ஜாவாவுல திருடிட்டு அருவுக்கே ஓடியாந்திருக்கான். வேற எங்கயாச்சும் ஓடக் கூடாதாடா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு அறை விழுந்தது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைத் திருடி விற்றதாக வழக்கு. ஐந்து வருடம் வரை போகும் என்கிறார்கள். நினைத்துப் பார். இந்தக் காட்டிலிருந்து சாக்குச் சாக்காகப் பாம்பு போகிறது. அதைப் பண்ணைக் குட்டி என்று எழுதி விற்கிறவன் ஏசி அறையில் இருக்கிறான். அவனிடம் கூலிக்கு இருந்தவன், செத்த குட்டி ஒன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், உள்ளே இருக்கிறான்.

பாட்டிலைப் பற்றி வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் தட்டு, பின்வரிசை. சுகாபூமி போலீஸிடம் பார்க்கச் சொல்வார்களாம். நீ எழுதிய கடிதம் எனக்கு இன்றைக்குத்தான் கிடைத்தது. பாட்டில் அங்கே இல்லை, உன் அலமாரியில் இருக்கிறது என்பதை இப்போதுதான் படித்தேன்.

உடனே வெளியே எடு. அவர்கள் வரும்போது அவர்கள் கையில் கொடு. குட்டி செத்தது, கம்பி விட்டது நான், மறைத்தது அவன், யாரும் எதையும் விற்கவில்லை என்று சொல். இரண்டு நிமிட வேலை. குட்டியை மாற்றிவைத்ததற்கு என்ன தண்டனையோ அதை நான் வாங்கிக்கொள்கிறேன். திருடன் என்ற பெயரை மட்டும் என் தலையில் வைக்காதே.

பாஸ்தியான்


சுகாபூமி,
19 ஏப்ரல் 2022

பாங் பாஸ்தியான்,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நோன்பு மாதம். வாய் உலர்ந்து, தலை கனத்து, எழுதியதைத் திரும்பப் படித்தால் எல்லாமே சாக்கு மாதிரி இருக்கிறது.

உன் கடிதம் கைக்கு வந்தது ஏப்ரல் 15. போலீஸ்காரர்கள் பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டார்கள். இரண்டு பேர். மூன்றாம் தட்டைப் பார்த்தார்கள், பின்வரிசையில் கைவிட்டுத் துழாவினார்கள். 2015 என்று எந்த லேபிளும் இல்லை. “அப்படி எதுவும் இருந்ததே இல்ல” என்றார் பாக். நான் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தேன். கையில் ஈரத் துணி. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று நீ கேட்பாய். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். மார்ச்சிலிருந்து பாட்டிலை ஏன் பூட்டி வைத்தாய் என்பார்கள். பன்னிரண்டாம் தேதி ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றாய் என்பார்கள். ஆதாரத்தை மறைத்தாள் என்று நானும் உள்ளே போவேன். அம்மா எங்கே போவாள்? பெருநாள் முடிந்ததும் என்னை இனப்பெருக்கப் பிரிவுக்குத் தலைமை ஆக்குவதாக பாக் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இது எதற்காக என்று எனக்குத் தெரியும், நான் முட்டாள் இல்லை. ஆனால் சொல்லும்போது மாங் டாட்டாங் கைதட்டினார், அம்மா அழுதாள்.

ஏழு மஞ்சள் குட்டிகளுக்கும் சான்று எழுதிவிட்டேன். தூய அரு. ஏழு கையெழுத்து. போய்விட்டன.

பாக் ஒரு வழி சொல்கிறார். நீயே ஒப்புக்கொண்டு, அறியாமல் விற்றுவிட்டேன், மன்னியுங்கள் என்று சொன்னால், அவரும் பெரிதுபடுத்த மாட்டாராம். ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடலாம். அவர் பேசிப் பார்ப்பாராம். செய்யாததை ஒப்புக்கொள்ளச் சொல்வது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏழு வருடம் முன்பு நீயாகவேதானே என் தப்பைச் சுமந்தாய்? இன்னும் ஆறு மாதம்.

இந்த வரியை எழுதியதற்கு என்னை நீ வெறுக்கலாம். ஆனாலும் அதை அடித்து அழிக்காமல் விடுகிறேன்.

உன் மனைவிக்கு என் வாழ்த்து.

லாரஸ்


சுகாபூமி, விசாரணைக் கைதிகள் காவல் இல்லம்,
17 மே 2022

லாரஸ்,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தாயா? புகார் எழுதிய ஊருக்கே என்னைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஐந்து நாள் கப்பல், கையில் விலங்கு. உன் முதல் கடிதம் எனக்கு வந்துசேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. இப்போது நமக்கு நடுவில் ஒரே ஒரு வேன் பயணம், சந்தைக்கு முன்னால் இறங்கினால் போதும். காலையில் உங்கள் மேட்டில் பெய்யும் மழை பத்து நிமிடத்தில் இங்கே பெய்கிறது.

உன் ஏப்ரல் கடிதத்தை டோபோவில் படித்தேன். கிழிக்க நினைத்தேன், பிறகு ஆதாரமாகுமே என்று மார்ச் கடிதத்தோடு சேர்த்து, இங்கே வந்ததும் வக்கீலிடம் கொடுத்தேன். இலவச வக்கீல், சின்னப் பெண், பெயர் தியான். படித்துவிட்டு, “இது மட்டும் போதாது அண்ணா. கடிதத்தை யார் வேணா எழுதலாம்னு சொல்லிடுவாங்க. பாட்டில் வேணும், இல்லன்னா ஆள் வேணும்” என்றாள். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே அனுப்புகிறேன்.

நீ எழுதியதில் ஒரு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ‘நீயாகவேதானே சுமந்தாய்’ என்றாய். ஆமாம், நானாகத்தான். ஏனென்றால் நீ அப்போது ஊரில் அப்பாவைப் புதைத்துக்கொண்டிருந்தாய், உன்னைக் கேட்க வழி இல்லை. இப்போது நான் இங்கே இருக்கிறேன். என்னைக் கேட்டால் மாட்டேன் என்கிறேன். அறியாமல் விற்றேன் என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளை ஜூலையில் பிறக்கும். பாம்புத் திருடன் பிள்ளை என்று டோபோ துறைமுகத்தில் ஒருவனும் அதைக் கூப்பிடக் கூடாது.

உள்ளே ஒருவன் கேட்டான், “அண்ணே, பாம்புக்கு ஜாதகம் எழுதுவாங்களாமே, நெசமா?” நிஜம்தான் என்றேன். “நமக்கு?” என்றான். நமக்கு இங்கே ஒரு அட்டை போட்டிருக்கிறார்கள், பார் என்று காட்டினேன். எங்கே பிடிபட்டது, யார் கொடுத்தது, எந்த அறை. மார்பில் பலகையைப் பிடித்து ஒரு போட்டோவும்.

பார்வையாளர் நாள் செவ்வாய், வியாழன். காலை பத்து மணி.

பாஸ்தியான்


சுகாபூமி, விசாரணைக் கைதிகள் காவல் இல்லம்,
31 மே 2022

லாரஸ்,

நான்கு பார்வையாளர் நாட்கள் போய்விட்டன.

தியான் தன் ரசீதுப் புத்தகத்தைக் காட்டினாள். ‘பெற்றுக்கொண்டேன். லாரஸ் ப.’ உன் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. என்ன சொன்னாள் என்று கேட்டேன். “அண்ணா, கேட்டுலயே நின்னு வாங்கினாங்க. கையெழுத்துப் போட்டாங்க. மழை வருது, குடை இருக்கான்னு என்னைக் கேட்டாங்க.”

அவள் நனைந்துவிடக் கூடாது என்று உனக்குத் தோன்றியிருக்கிறது.

நேற்று முதல் விசாரணை. பாக் வந்திருந்தார், பட்டுச் சட்டை. நீதிபதி முன்னால் உன் புத்தகத்தை வைத்தார். நம் புத்தகம் என்று எழுத வந்தது, அடித்துவிட்டேன், உன் புத்தகம். பக்கத்தைத் திறந்து, “இதோ, அரு-7, உயிரோடு இருந்தது, இவன் பொறுப்பில் இருந்தது, இறந்ததாக எந்தப் பதிவும் இல்லை. எங்கள் பதிவில் ஒரு தவறு கிடையாது, உலகம் முழுக்க நம்புகிறார்கள்” என்றார். நீதிபதி பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பாக்கிடமே திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு குட்டிக்கும் போட்டோ, ஒவ்வொரு கட்டத்திலும் மசி. அவ்வளவு சுத்தமான புத்தகத்துக்கு எதிராக என் வாய் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்த விசாரணை ஜூன் 13, திங்கள். அதற்குள் சாட்சி பெயர் கொடுக்க வேண்டும். தியான் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.

பாஸ்தியான்


சுகாபூமி, விசாரணைக் கைதிகள் காவல் இல்லம்,
7 ஜூன் 2022

லாரஸ்,

போன கடிதத்தையும் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இந்த முறை முழுப் பெயர்.

இன்று செவ்வாய். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை கம்பிக் கதவுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை. யார் யாருக்கோ பெயர் கூப்பிட்டார்கள். உன் தலைத்துணி நிறத்தில் ஒருத்தி வந்தாள். வேறு யாருக்கோ சோறு கொண்டுவந்தவள்.

நீ பயப்படுவது எனக்குத் தெரியும். நானும் பயப்படுகிறேன். உன்னைத் திட்டவோ, பழையதைக் கிளறவோ இனி நேரம் இல்லை. நியாயம் கேட்டும் எழுதவில்லை. நீ தினமும் செய்கிற வேலையைத்தான் கேட்கிறேன். உன் புத்தகத்தைத் திற. 2014 அக்டோபர் பக்கம், அரு-7. ‘இறந்த தேதி’ என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. 29 மே 2015 என்று எழுது. அதற்குப் பக்கத்தில் ‘காரணம்’ என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. அதில் உன் பெயரை எழுது. எழுதிய புத்தகத்தையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை பத்து மணிக்கு வா.

பாஸ்தியான்

(ரசீது: பெற்றுக்கொண்டேன். லாரஸ் ப்ரிஹாதினி. 8 ஜூன் 2022.)